பள்ளி மணிக்கு ஒரு ஜிபிஎஸ் கடிகாரம்: இரண்டு வினாடிப் பிழை எங்கிருந்து வந்தது

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் என் மகள் படிக்கும் பள்ளியில் நான்கு கடிகாரங்கள் நான்கு நேரம் காட்டிக்கொண்டிருந்தன. அலுவலகச் சுவர்க் கடிகாரம், மணி அடிக்கும் பழைய டைமர், ஆசிரியர்கள் கைரேகை வைக்கும் வருகைப் பதிவுக் கருவி, ஆய்வகத்தின் மேசைக் கணினி ஆகியவற்றை ஒரே சமயத்தில் பார்த்துக் குறித்தபோது, முந்தியதற்கும் பிந்தியதற்கும் இடையே 4 நிமிடம் 10 வினாடி இடைவெளி இருந்தது. மணி அடிப்பதற்கு முன்பே வளாகத்துக்குள் வந்துவிட்ட ஆசிரியர்களுக்கும் கருவி தாமதக் குறி போட்டுவந்ததால் ஏற்பட்ட மனத்தாங்கலைத் தலைமை ஆசிரியை ஒரு கூட்டத்தில் சொல்ல, மின்னணு வேலை கொஞ்சம் தெரியும் என்ற துணிச்சலில் நானே ஒரு கடிகாரம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். ஒரு மாத வேலை என்று நினைத்தேன். ஆகஸ்டில் தொடங்கியது பிப்ரவரியில்தான் ஓய்ந்தது.

அங்கே இணைய இணைப்பு மழைக்கும் மின்வெட்டுக்கும் கட்டுப்பட்டது என்பதால், நேரத்தை வானத்திலிருந்தே எடுப்பது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. தரையில் உள்ள சிறிய தொகுதி அவற்றின் குறிகைகளைக் கொண்டு தன் இடத்தைக் கணிக்கும்போது நேரத்தையும் சேர்த்தே கணித்துவிடுகிறது. வினாடிக்கு ஒருமுறை ஒரு கம்பியில் மின் துடிப்பையும், தொடர்ந்து அந்த வினாடியின் நேரம், தேதி அடங்கிய எழுத்து வரியையும் அனுப்புகிறது. இவ்விரண்டையும் படித்து எல்இடி பலகையில் எண்ணாகக் காட்டி, உரிய நேரத்தில் ரிலே என்ற மின்விசையைத் தட்டி மணியை அடிக்கச் செய்வதுதான் திட்டம்.

முதல் சறுக்கல் சிக்கனத்தால் வந்தது. பழைய வாகனக் கண்காணிப்புப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய ஜிபிஎஸ் தொகுதியை 150 ரூபாய்க்கு வாங்கினேன். 2024 ஆகஸ்ட் 15 அன்று வீட்டு மொட்டை மாடியில் வைத்து முதன்முறை இயக்கியபோது, மணி, நிமிடம், வினாடி எல்லாம் சரியாக வந்தன. தேதி மட்டும் 2004 டிசம்பர் 30 என்று வந்தது. என் நிரல் தேதியிலிருந்து கிழமையைக் கணக்கிட்டு வியாழன் என்று காட்டியது. அன்றும் வியாழன்தான் என்பதால், தேதியை நான் எங்கோ தவறாகப் பிரித்துப் படிக்கிறேன் என்று நம்பி, இரண்டு மாலைகளை என் நிரலைக் குடைவதிலேயே செலவழித்தேன். கடைசியில் இரண்டு தேதிகளுக்கும் இடையே எத்தனை நாள் என்று கூட்டிப் பார்த்தபோது 7,168 வந்தது. அதை ஏழால் வகுத்தால் 1,024. ஜிபிஎஸ் தன் நேரத்தை 1980 ஜனவரி 6 முதல் வாரங்களாக எண்ணுகிறது; அந்த வார எண்ணுக்கு மரபான செய்தியில் ஒதுக்கப்பட்ட இடம் 10 பிட் (பத்து இரும இலக்கங்கள்) மட்டுமே, ஆகவே 1,024 வாரங்களுக்கு ஒருமுறை எண் சுழியத்துக்குத் திரும்பிவிடுகிறது. 1999 ஆகஸ்டில் ஒருமுறையும் 2019 ஏப்ரலில் மறுமுறையும் அப்படித் திரும்பியது. எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைத் தொகுதிக்குள் இருக்கும் மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும். என்னுடைய பழைய தொகுதி ஒரு சுற்றுப் பின்தங்கிவிட்டது. முழு வாரங்களாகப் பின்தங்கியதால்தான் கிழமை மாறவில்லை. நிரலில் 7,168 நாட்களைக் கூட்டிவிட்டால் போதும். ஆனாலும் பள்ளியில் நெடுநாள் ஓட வேண்டிய பொருளுக்கு அந்த ஒட்டு வேண்டாம் என்று தொகுதியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

புதிய தொகுதி 420 ரூபாய். சென்னை ரிச்சி தெருவுக்குப் போன நண்பர் ஒருவர் அதோடு, நிரலை ஓட்டும் சிறு கணினியான இஎஸ்பி32 பலகையை 480-க்கும், மின்வெட்டில் நேரத்தைத் தாங்கும் டிஎஸ்3231 கடிகாரச் சில்லுப் பலகையை 190-க்கும் வாங்கி வந்தார். எண்களைக் காட்ட, கடை வாசல்களில் எழுத்து ஓடவிடும் சிவப்புப் பி10 எல்இடி பலகைகள் இரண்டை எடுத்தேன். ஒன்று 350 ரூபாய். தனித்தனி ஏழு துண்டு எண்களைச் சால்டர் செய்வதைவிட இது எளிது, இருபது மீட்டருக்கு அப்பாலிருந்தும் படிக்க முடிகிறது. 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் மின்வழங்கி 520, ரிலே 60, தச்சரிடம் செய்த பெட்டி 650.

எழுதிய நிரலில் அடுத்த தவறு ஒரு வினாடி அளவில் இருந்தது. துடிப்பு வந்த பிறகே எழுத்து வரி வருகிறது. 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய 1 மில்லி வினாடி ஆவதால், தொகுதி அனுப்பும் எல்லா வரிகளும் வந்து சேர அரை வினாடி வரை பிடிக்கிறது. அந்த வரி சொல்வது ஏற்கெனவே கடந்துவிட்ட துடிப்பின் நேரத்தை. நானோ வரியைப் படித்து வைத்துக்கொண்டு, அடுத்த துடிப்பு வரும்போது அதே எண்ணைக் காட்டினேன். எனவே கடிகாரம் எப்போதும் ஒரு வினாடி பின்தங்கியது. துடிப்பு வரும் கணத்தில், படித்து வைத்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக் காட்டுமாறு மாற்றியதும் சரியாயிற்று.

சரியாயிற்று என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? தொலைக்காட்சிச் செய்தியின் ஓரத்தில் ஓடும் கடிகாரம் அதற்கு ஆகாது. செயற்கைக்கோள் வழியாக வந்து விரிவாக்கப்படுவதற்குள் சில வினாடிகள் போய்விடுகின்றன. மடிக்கணினியைக் கைபேசி இணைப்பில் வைத்து, புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கியோடு, இணையம் வழியே நேரத்தைக் கேட்டுப் பெறும் என்டிபி முறையில் ஒத்திசைத்தேன். போய்வர 70 முதல் 90 மில்லி வினாடி ஆனது, கண்ணால் ஒப்பிடும் வேலைக்கு அந்தத் துல்லியம் தாராளமாகப் போதும். இந்திய நேரத்தைப் பேணும் பொறுப்பு அந்த ஆய்வகத்தினுடையது. அங்குள்ள அணுக் கடிகாரங்களைப் போல உலகெங்கும் பல பத்து ஆய்வகங்களில் ஓடும் 400-க்கும் மேற்பட்ட கடிகாரங்களின் அளவீடுகள் பாரிஸை அடுத்த செவ்ரில் உள்ள பன்னாட்டு எடை அளவைகள் அலுவலகத்துக்குப் போகின்றன. அவற்றைத் தர வரிசைப்படி எடையிட்டுச் சராசரி எடுத்து, எந்த ஆய்வகம் எத்தனை நானோ வினாடி முந்தியது, பிந்தியது என்று மாதந்தோறும் அறிக்கை விடுகிறார்கள். யுடிசி எனப்படும் உலக நேரம் அந்த அறிக்கையில், நடந்து முடிந்த நாட்களுக்குத்தான் முழுத் துல்லியத்தோடு கிடைக்கிறது; அதைக் காட்டும் கடிகாரம் என்று எந்த அறையிலும் ஒன்று இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, என் கடிகாரம் எத்தனை மில்லி வினாடி துல்லியம் என்று நண்பர்கள் கேட்டால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

தொகுதி தருவது யுடிசி; அதை இந்திய நேரமாக்க ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும் வேலையில் இரண்டு தடவை தவறினேன். மணியோடு 5, நிமிடத்தோடு 30 கூட்டி, 24-ஐத் தாண்டினால் கழித்துவிடும் எளிய கணக்கைத்தான் முதலில் எழுதினேன். காலாண்டு விடுமுறையில் பள்ளியில் பொருத்திவிட்டு வந்த மூன்றாம் நாள், இரவுக் காவலர் சொன்னார்: “சார், ராத்திரி பன்னெண்டு அடிச்சும் தேதி மாறலைங்க. காலைல பால்காரர் வர்ற நேரத்துக்குத்தான் மாறுதுங்க.” நேரத்தைக் கூட்டியிருந்தேனே தவிர, தேதியை யுடிசியிலேயே விட்டிருந்தேன். கிரீன்விச்சில் நள்ளிரவு ஆகும்போது நமக்குக் காலை 5:30. அதுவரை பள்ளிக் கடிகாரம் நேற்றிலேயே இருந்திருக்கிறது. பகலில் மட்டும் சோதித்த எனக்கு அது தெரிய வழியில்லை.

கையால் கூட்டுவதை விட்டுவிட்டு, நேர மண்டலத்தைக் கையாளும் ஆயத்த நிரல் நூலகத்திடம் பொறுப்பைக் கொடுத்தேன். அதற்கு ஒரு சரத்தில் (எழுத்துத் தொடரில்) மண்டலத்தின் பெயரையும் இடைவெளியையும் தர வேண்டும். “ஐஎஸ்டி+5:30” என்று எழுதினேன். காலை 9:20-க்குக் கடிகாரம் முந்தைய நாள் 22:20 காட்டியது. சரியாகப் பதினோரு மணி நேரம் பின்னால், அதாவது ஐந்தரையின் இரு மடங்கு. அந்த மரபில் எண்ணுக்குப் பொருள், உள்ளூர் நேரத்தோடு எவ்வளவு கூட்டினால் யுடிசி வரும் என்பது. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்கள் கழித்தல் குறி போட வேண்டும். “ஐஎஸ்டி-5:30” என்று மாற்றியதும் தேதியும் நேரமும் ஒருங்கே சரியாயின.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் இதே நிரலைக் கேட்டபோது இந்தச் சரத்தின் அருமை இன்னும் புரிந்தது. இலங்கை 1996 மே மாதம் தன் நேரத்தை 6:30 ஆக்கியது, அதே ஆண்டு அக்டோபரில் 6:00 ஆக்கியது, 2006 ஏப்ரலில் மீண்டும் 5:30-க்கு வந்தது. பழைய பதிவுகளின் நேரத்தைக் கணக்கிட விரும்புகிறவர் கையால் 5:30 என்று எழுதி வைத்தால் பத்து ஆண்டுகளுக்குக் கணக்குத் தப்பும்.

பொருத்தும் வேலையில் பெரிதும் அலைக்கழித்தது ஆன்டெனா. தொகுதியோடு வந்த சிறு பீங்கான் ஆன்டெனா கான்கிரீட் கூரைக்குக் கீழே ஒரு செயற்கைக்கோளைக்கூடப் பிடிக்கவில்லை. சன்னலோரம் வைத்தால் மூன்று, நான்கு. 380 ரூபாய்க்கு 3 மீட்டர் கேபிளோடு வெளிப்புற ஆன்டெனா வாங்கி, முக்கால் அங்குலப் பிவிசி குழாயின் தலையில் 10 செ.மீ. சதுர இரும்புத் தகட்டைத் திருகி அதன்மேல் காந்த அடியோடு உட்காரவைத்து, கைப்பிடிச் சுவருக்கு மேலே அரை மீட்டர் உயர்த்தியதும் ஒன்பது, பத்து வந்தன. குழாயும் சிறு பெட்டியும் 110 ரூபாய். கேபிள் மேசைக்கு ஒரு சாண் குறைவாக நின்றது. கடிகாரப் பெட்டியை உத்தரத்தை ஒட்டி உயரத்தில் மாட்ட வேண்டியதாயிற்று.

இனி அந்த இரண்டு வினாடி. அக்டோபரில் மணியையும் இணைத்த பிறகு, ஒவ்வொரு மணிக்குப் பிறகும் பலகை ஒரு கணம் அணைந்து எரிந்தது. மீண்டும் செயற்கைக்கோளைப் பிடித்தபின் கடிகாரம் 2 வினாடி முந்தியிருக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் எப்போதோ ஒரு கணத்தில், மாணவர்கள் பார்த்துச் சிரிக்கும்படி, எண் 58, 59 என்று வந்து மறுபடி 58-க்குப் போகும். அதன்பின் அடுத்த மணி வரை தவறே இருக்காது. நிரலில் இருக்கும் பிழை மணிச் சத்தத்தைக் கேட்டா வரும்? ரிலேயைப் பிரித்துவிட்டு ஒரு நாள் ஓட்டினேன், பிழை இல்லை. ரிலேயை மட்டும் இணைத்து மணியைக் கழற்றினேன், அப்போதும் இல்லை. மணியின் சுருள் துண்டிக்கப்படும்போது எழும் மின்வீச்சுத்தான் கடிகாரத்தை மறுதொடக்கம் செய்கிறது என்பது அப்போது உறுதியானது. 100 ஓம் மின்தடையையும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 மின்தேக்கியையும் தொடராக இணைத்து ரிலேயின் தொடுமுனைகளுக்குக் குறுக்கே போட்டு, மணிக் கம்பியை ஆன்டெனா கேபிளிலிருந்து ஒரு முழம் விலக்கியதும் மறுதொடக்கம் நின்றது. கம்பி, இணைப்பிகள் எல்லாம் சேர்த்து 140 ரூபாய். 230 வோல்ட் பக்கத்தைத் தொடும் வேலையை மட்டும் பள்ளியின் மின்பணியாளரே செய்தார்.

மறுதொடக்கம் நின்றாலும், அதற்குப் பிறகு ஏன் இரண்டு வினாடி என்ற கேள்வி நிற்கவில்லை. மின்வெட்டு வரும் ஒவ்வொரு முறையும் இதே பிழை திரும்பும். ஜிபிஎஸ் நேரம் 1980-ல் யுடிசியோடு ஒத்துத் தொடங்கியது. அதன்பின் புவியின் சுழற்சி அணுக் கடிகாரத்தைவிடப் பின்தங்கும்போதெல்லாம் யுடிசியில் லீப் வினாடி என்ற கூடுதல் வினாடி சேர்க்கப்பட்டது, ஜிபிஎஸ்ஸில் சேர்க்கப்படவில்லை. இன்று ஜிபிஎஸ் நேரம் யுடிசியைவிட 18 வினாடி முந்தியிருக்கிறது. இந்த 18 என்ற எண்ணைச் செயற்கைக்கோள்களே சொல்கின்றன, ஆனால் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பவரும் நீண்ட செய்தியின் ஒரு பக்கத்தில் மட்டும். அந்தப் பக்கம் வரும் வரை தொகுதி, தன் மென்பொருளில் எழுதியிருக்கும் பழைய எண்ணை வைத்துக் கழிக்கிறது. என்னுடையதில் அது 16 ஆக இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த மென்பொருள் 2012 ஜூலைக்கும் 2015 ஜூனுக்கும் இடைப்பட்ட காலத்தது, ஏனெனில் அப்போதுதான் வேறுபாடு 16. தொகுதியின் முதுகில் இருந்த சிறு மின்கலம் செத்திருந்ததால், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் அது கற்றதை மறந்து 16-லிருந்து தொடங்கியிருக்கிறது.

இரண்டு திருத்தங்கள் செய்தேன். செத்த மின்கலத்தை மாற்றினேன். மின்சாரம் வந்த முதல் 15 நிமிடத்துக்கு ஜிபிஎஸ்ஸை நம்பாமல் டிஎஸ்3231 சொல்வதையே காட்டுமாறு நிரலை மாற்றினேன். அந்நேரத்தில் பலகையின் மூலையில் ஒரு புள்ளி மட்டும் மினுங்கும். ஆன்டெனாவைக் கழற்றிப் பத்து நாள் ஓடவிட்டுப் பார்த்ததில் டிஎஸ்3231 மொத்தம் 0.6 வினாடிதான் தவறியது. ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று இஎஸ்பி32-இன் சொந்தப் படிகத்தையும் அளந்தேன்: இரண்டு துடிப்புகளுக்கு இடையே காலையில் 1,000,009 மைக்ரோ வினாடியும் உச்சி வெயிலில் 1,000,012-உம் எண்ணியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு வினாடி முந்தும் ஓட்டம் அது. கூரைச் சூட்டுக்கு ஏற்ப மாறவும் மாறும்.

நவம்பர் 5 அன்று, வேலையோடு நேரடித் தொடர்பில்லாத ஒன்றையும் செய்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, புதுக் கடிகாரம் 12:00 காட்டும்போது நிழல் ஏன் வடக்கே நேராக விழவில்லை என்று கேட்டதால், மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கம்பை நட்டு, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழலின் நுனி ஒரே வட்டத்தைத் தொடும் இரண்டு புள்ளிகளைக் குறித்து, நடுவே வடக்கு-தெற்குக் கோட்டை முதல் நாளே இழுத்து வைத்திருந்தோம். தூக்குக் குண்டின் நூல் நிழல் அக்கோட்டை 12:06-க்குத் தொட்டது. நிழலின் ஓரம் மங்கலாக இருந்ததால் அரை நிமிடம் முன்பின் இருக்கலாம். இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, பள்ளி இருப்பது ஏறக்குறைய 77 பாகையில், பாகைக்கு 4 நிமிடம் வீதம் இங்கே சூரியன் 22 நிமிடம் தாமதமாகவே உச்சிக்கு வர வேண்டும். ஆனால் நவம்பர் தொடக்கத்தில் சூரியன் சராசரி நேரத்தைவிட 16 நிமிடம் முந்தி ஓடுவதால் மிச்சம் ஆறு நிமிடமே. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அதே நூலை மீண்டும் கட்டியபோது உச்சி வேளை 12:36-க்கு வந்தது. 1906 ஜனவரி 1-க்கு முன் சென்னை வானாய்வகத்தின் நேரத்தை, அதாவது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்திய நேரத்தை, ரயில்கள் பின்பற்றிய காலத்தில் இந்த மாணவிக்கு நிழல் இன்னும் ஒன்பது நிமிடம் முன்பே நேராகியிருக்கும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

மொத்தச் செலவு 3,650 ரூபாய். இழுப்பறையில் கிடக்கும் பழைய தொகுதியையும் சேர்த்தால் 3,800. மறுபடி செய்தால் 5 மீட்டர் கேபிள் வாங்குவேன், மணியின் ரிலேயைத் தனிப் பெட்டியில் தனி மின்வழங்கியோடு வைப்பேன், லீப் வினாடி எண்ணைத் தான் உறுதி செய்துவிட்டதா என்று வெளிப்படையாகச் சொல்லும் தொகுதியாகப் பார்த்து எடுப்பேன். 15 நிமிடம் காத்திருப்பது ஊகத்தின் பேரில் செய்த ஏற்பாடுதான். லீப் வினாடி சேர்க்கப்பட்டால் நம் நாட்டில் காலை 5:29:60 என்று ஒரு வினாடி வரும். அதைக் காட்டவும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். கடைசியாக அது வந்தது 2017 ஜனவரி 1 காலையில். 2035-க்குள் இந்த வழக்கத்தைக் கைவிடுவது என்று 2022-ல் எடை அளவைகளுக்கான பொது மாநாடு தீர்மானித்துவிட்டதால், அந்த வரியைச் சோதிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்காமலே போகலாம்.

வருகைப் பதிவுக் கருவிக்கு வெளியிலிருந்து நேரம் கொடுக்க எந்த வழியும் இல்லை. வாரத்துக்கு 11 வினாடி தவறுகிறது. திங்கள்தோறும் அலுவலக உதவியாளர் நாற்காலியில் ஏறி நின்று, பலகையைப் பார்த்து அதை விரலால் திருத்தி வைக்கிறார்.